கேட்காமல் போன ஹாரன்

மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். வளைவுக்கு அப்பால் வண்டி வருவதை ஹாரன்தான் சொல்லும்.

நாகலூர் பக்கம் மலை எஸ்டேட்டில் நான் டிரைவராக இருந்தேன். தொண்ணூறுகளில் ஒருநாள் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டது. காயம் ஆறியும் மனைவி ஸ்டெல்லா என்னை வண்டியைத் தொட விடவில்லை. "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறீங்க" என்று சேலம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே சோதனைக்காக வந்திருந்த ஒரு கனத்த ஹெல்மெட்டை டாக்டரம்மா மாட்டிவிட்டார். கண்ணெதிரே கம்ப்யூட்டர் வரைந்த ரோடு! தலையைத் திருப்பினால் ரோடும் திரும்பியது. சிவப்புப் பந்து தெரிந்தாலும் ஹாரன் கேட்டாலும் பட்டனை அழுத்த வேண்டும். ஆசை ஆசையாக அழுத்தினேன்.

"பந்து ஒண்ணுகூடத் தப்பலை. ஹாரனுக்கு ஏன் அழுத்தலைங்க?"

"ஹாரன் எங்கீங்க அடிச்சுது?"

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓரமாக நின்ற அவளுக்கே கேட்டிருக்கிறது.

காதில் கோளாறில்லை, கவனம்தான் பந்தோடு போய்விடுகிறது என்றார் டாக்டரம்மா. அன்றே ஜீப் சாவியை எஸ்டேட்டில் ஒப்படைத்தேன்.

பிறகு எங்கே போனாலும் பஸ்தான். வளைவு வந்தால் ஸ்டெல்லா ஏதாவது பேச ஆரம்பிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். மாசங்கள் கழித்து, குப்பனூர் மலைப்பாதையில் அவள் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஹாரன் கேட்டது. டிரைவர் பிரேக் போடுமுன் என் வலது கால் பஸ் தரையை மிதித்திருந்தது.

ஸ்டெல்லா பேச்சை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தாள். பேச்சுக்கு நடுவிலும் ஹாரனைக் கேட்க என்னைப் பழக்கத்தான் அத்தனை நாளும் அவள் வளைவில் மட்டும் பேச்சுக் கொடுத்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.