ருசி பார்க்காத காளான்

மயிலம்மாள் பறித்த காளான் என்றால் எடமலைப்பட்டி புதூரில் யாரும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், நேரே சட்டிதான். அவள் வழக்கம் அப்படி. எவ்வளவு பறித்தாலும் முதலில் ஒரு கைப்பிடி வேகவைத்துத் தானே தின்பாள். பொழுது சாயும்வரை வயிறு சும்மா இருந்தால்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பாள்.

1938 பங்குனியில் மட்டும் அது தவறிப்போனது. மகள் ரங்கநாயகிக்கு நாலாம் மாசம். பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டுமே என்று சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டு, மயிலம்மாள் மஞ்சள் சேலை கட்டி, அந்த அம்மனே இருக்கும் பச்சைப் பட்டினி விரதத்தைத் தானும் பிடித்திருந்தாள். இளநீரும் பானகமும்தான், வெந்தது எதுவும் வாயில் படக்கூடாது.

அந்த நேரம் பார்த்தா அப்படி ஒரு மழை கொட்ட வேண்டும்! இடி இடித்த மறுநாள் கரட்டோரப் புற்றெல்லாம் காளான். "காளான் குழம்புன்னா தின்பேம்மா" என்று மகள் வாய்விட்டுக் கேட்டிருந்தாளே. மயிலம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. மடி நிறையப் பறித்து, மகளைக் கட்டிக்கொடுத்த கிராப்பட்டிக்கு ஓடி, அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மடியை உதறினாள். ஒரு காளான் துண்டு விழுந்தது. அதன் அடியில் செம்மண் இல்லை, மக்கின மரத்தூள். புற்றுக்குப் பக்கத்தில் கிடந்த பட்ட வேப்பங்கட்டையிலும் ஒரு கை பறித்தது அப்போதுதான் உறைத்தது. புற்றில் முளைப்பதை நம்பலாம், கட்டையில் முளைப்பதில் விஷக் காளானும் இருக்கும்.

"அடி கூறுகெட்டவளே, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டு வெயிலில் ஓடினாள்.

ரங்கநாயகி தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்!"

மயிலம்மாள் விஷயத்தைச் சொல்லி உப்புத் தண்ணீரைக் கலக்கி நீட்டினாள். "குடிச்சிட்டு வாந்தி எடுடி."

"நாலு மாசத்துல இன்னிக்குத்தான் சோறு உள்ள நிக்குது. விடும்மா!" மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மயிலம்மாள் சட்டியை இழுத்தாள். "நானும் திங்கிறேன். எனக்கு ஒரு மாதிரி வந்துச்சுன்னா மறுபேச்சு இல்லாம குடிக்கணும்."

"ஐயோ, விரதம்மா!"

அதற்குள் அவள் விழுங்கிவிட்டாள்.

அதன்பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தன் வயிற்றைத் தடவினாள், மகள் நெற்றியைத் தொட்டாள். "குமட்டுதா? தலை சுத்துதா?" என்று கேட்டுக் கேட்டு மகளுக்கு எரிச்சலே வந்துவிட்டது. உப்புத் தண்ணீர்ச் செம்பைக் கையைவிட்டு வைக்கவேயில்லை. வெயில் எதிர்ச்சுவரில் ஏறி மறைந்தது.

"அம்மா, பசிக்குது" என்றாள் ரங்கநாயகி.

மயிலம்மாள் சுவரோடு சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"விரதத்தை முறிச்சிட்டியே. ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"அவளும் பிள்ளைங்களுக்காகத்தானேடி இந்த மாசம் பட்டினி கிடக்கிறா" என்று மூக்கைச் சிந்தினாள் மயிலம்மாள். "அவளுக்குத் தெரியாதா? தட்டை எடு."