கிருஷ்ணகிரிக்குப் போன பல் கேப்

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூரில் பீங்கான் பல் உறை செய்யும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்தேன். ‘கேப்’ என்றால் எல்லோருக்கும் புரியும். மென்று மென்று அதில் விரிசல் எப்படி வளரும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை.

கேப் இறுக்கமாக இருந்தால் உட்புறத்தைத் தேய்த்துச் சரிசெய்வது எங்கள் வழக்கம். வெளிப் பளபளப்பு கெடாததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் காலை, தேய்ப்பதால் உட்புறத்தில் விழும், கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் எச்சிலின் ஈரத்தையும் முதன்முறையாகக் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். திரையில் விரிசல் உள்ளிருந்து கிளம்பி, சில மாதங்களிலேயே கேப்பைப் பிளந்தது.

அதுவரை செய்ததெல்லாம் சோதனைக் கேப்கள்; அப்படித் தேய்த்து ஒருவர் வாய்க்குப் போகும் எங்கள் முதல் கேப்பை அன்று மதியம் கிருஷ்ணகிரியில் ஒரு பெண்ணுக்கு ஒட்டப்போகிறார்கள். வாயில் உடைந்தால் துண்டு தொண்டைக்குள் போகலாம். எனக்கிருந்த வழிகள் மூன்று. போன்: லைன் கிடைக்கவில்லை. முதலாளி: வெளியூரில். மிச்சம் பஸ். வழியில் சூளகிரியில் அது ஆள் ஏற்ற நின்றபோது, கண்டக்டரைத் திட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

நான் கிளினிக்கில் நுழைந்தபோது பல் டாக்டர் கேப்பை ஒட்டும் சிமெண்டைக் கலக்க ஆரம்பித்திருந்தார்.

“ஒட்டாதீங்க சார்!”

காரணத்தைச் சொன்னேன். கேப்பை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு கீத்தும் காணோமேம்மா. கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு நிறுத்தணுமா?”

நாற்காலியில் இருந்த பெண் எழுந்து உட்கார்ந்தாள். என் வயதுதான். அவளுடைய தற்காலிக முன்பல்லைக் கழற்றித் தட்டில் வைத்திருந்தார்கள்.

“நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்கக்கா. இந்த மஞ்சப் பிளாஸ்டிக்கோடவா போய் நிக்கறது?”

“கேப் அழகாத்தான் இருக்கும். ஆனா உடையும். எந்த நாள்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது. அவள் கேப்பையே பார்த்தாள்.

“உங்க வாயா இருந்தா?”

“ஒட்ட விடமாட்டேன்.”

“அப்ப எனக்கும் வேணாம் சார். வாயத் தொறக்காம காப்பி குடுத்துட்டு வந்துடறேன். அடக்கமான பொண்ணுன்னு நெனச்சுக்கட்டும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேப்பைத் திரும்பக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் வைத்து இயந்திரத்தில் கடிக்கவிட்டோம். உள்ளிருந்தே பிளந்தது. தேய்க்கும் வழக்கத்தை நிறுத்தினோம். அவளுக்குப் புதிய கேப் போனது. அந்த வரன் மட்டும் அமையவில்லை என்று டாக்டர் சொன்னார். பல்தான் காரணமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றும் ஒரு கணக்கின் முடிவில் கையெழுத்திடும் முன், இதை ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.