வரப்பில் ஏறிய நண்டுகள்

எலியையும் முயலையும் கொல்லாமல் ஒரு மருந்து எவ்வளவு நஞ்சு என்று சொல்வதுதான் சென்னையில் என் வேலை. கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதச் செல்களில் சோதிப்போம். மீதியைக் கம்ப்யூட்டர் மாடல் கணக்கிடும். ஒரு பூச்சிமருந்துக்காகச் சோறு, தண்ணீர், காற்று, தோல் என்று நஞ்சு உடம்புக்குள் போகும் நான்கு வழிகளை அதற்குக் கொடுத்திருந்தேன். மீனுக்கும் நண்டுக்கும் ஆகாது, மனிதருக்குப் பயமில்லை என்று வந்தது. கையெழுத்துப் போட்டேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலிலும் அதையே அடிக்கிறோம் என்று அப்பா போனில் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சம்பாப் பயிர் தூர் கட்டும் சமயம் ஊருக்குப் போனேன். முந்தின நாள்தான் மருந்து அடித்திருந்தார்கள். எங்கள் வயலில் களை எடுக்கும் அக்காவின் மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூலி உயர்வு கேட்டு அந்தத் தெருவே வயலில் இறங்காமல் நின்ற வருஷத்திலிருந்து எங்கள் வீட்டார் அங்கே போவதில்லை. அதற்கு முன்னால் மட்டும் போய்க் கிழித்தோமா என்ன!

"வாங்க பாப்பா" என்று, அரசாங்கம் கொடுத்த கலர் டிவிக்கு எதிரே அக்கா பாய் விரித்தார். வீடெல்லாம் மிளகு வாசனை. மருமகளுக்குச் சளியாம், நண்டு ரசம் வைத்திருந்தார். அவள் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நண்டு ஏதுக்கா? சந்தையில வாங்குனீங்களா?"

"நண்டைப் போயி யாரு வாங்குவா? ஒங்க வயல்லதான் புடிச்சேன். மருந்து அடிச்ச மறுநாளு வளையில கைய விடவே வேணாம் பாப்பா. தானா வரப்புல ஏறி மயங்கிக் கெடக்கும். அள்ளிக்கிட்டு வர வேண்டியதுதான்."

நண்டு சாகும் என்று எழுதியவளே நான்தான். அந்த நண்டை ஒருவர் சாப்பிடுவார் என்பது, இந்த வயல்களைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தோன்றவேயில்லை. என்ன படித்துக் கிழித்தேன்!

கிண்ணத்தைப் பிடுங்கினேன். ரசம் பாயெல்லாம் கொட்டியது.

"குடிக்காதம்மா, அதுல விஷம் இருக்கு! எவ்வளவு குடிச்சே?"

"இது ரெண்டாவது கிண்ணங்க" என்றாள் அந்தப் பெண்.

ஆட்டோ பிடித்துக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்குக் குழப்பம்தான்.

"முன்னல்லாம் மருந்து அடிச்ச வயல்னா மாசமா இருக்குறவளுக்குக் குடுக்க மாட்டோம் பாப்பா. நீங்க கம்ப்யூட்டர்ல பாத்து மனுசருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னு ஒங்க அப்பா சொன்னாங்க. அந்த தைரியத்துலதான் குடுத்தேன்."