சித்தப்பாவின் மூன்று கம்பிகள்

மாட்டுக்கொட்டகையில் பாதியைச் சித்தப்பா தன் கம்பிகளுக்கு எடுத்துக்கொண்டதால் எங்கள் எருமை வெயிலில் நின்றது. கோயமுத்தூரில் படித்தபோது அவரைப் பிடித்துக்கொண்ட உடற்பயிற்சிப் பைத்தியம் அது. தலைக்குமேல் தூக்கப் பழைய வண்டியின் இரும்பு அச்சு. கைகளுக்கு மட்டும் பட்டறையில் வளைத்து வாங்கிய கம்பி. தோளில் வைத்து உட்கார்ந்து எழ, சாக்குச் சுற்றிய தடித்த குழாய். முனைகளில் டின்னில் வார்த்த சிமென்ட் கட்டிகள். ஒன்றின் வேலைக்கு இன்னொன்றைத் தொடமாட்டார். மண்வெட்டியை எதற்குமே தொடமாட்டார்.

அதனாலேயே வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது. இந்த முறை அம்மா கொட்டகைக்குப் படுதா கட்டி, வாயைத் திறக்கக் கூடாதென்று சித்தப்பாவுக்கும் எனக்கும் சேர்த்தே சொல்லிவைத்தாள்.

பெண்ணின் அப்பா பொள்ளாச்சிப் பக்கம். மாடு பார்த்து வாங்குவதில் பேர்போனவர். வந்தவர் மோர்கூட வேண்டாமென்றுவிட்டார். பெண் கொடுக்க மனம் வரும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை என்கிற வழக்கமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அம்மா வெல்லம் போட்டுச் சுட்டுவைத்த கச்சாயம் முழுக்க எனக்குத்தான் என்று குஷியாக இருந்தேன்.

சித்தப்பா குனிந்து கும்பிட்டார். பெரியவர் கண் பிடரியில் தடித்திருந்த காய்ப்புக்குத்தான் போனது.

“காய்ப்பப் பாத்தாலே தெரியுதுங்க. தம்பி நல்லாப் பாடுபடற ஆளு.”

அம்மா முகம் மலர்ந்தது. சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம்.

“இது காட்டுல பாடுபட்டு வந்ததில்லீங்க. கம்பி தூக்கி வந்ததுங்க.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவர் எழுந்து கொட்டகைக்கு நடந்தார். படுதாவை நான்தான் பெருமையாக விலக்கினேன்.

“ஏனுங்க தம்பி, மூணு எதுக்கு?”

“நேர் கம்பியில கைய மடக்குனா மணிக்கட்டு நோகுதுங்க, அதுக்கு வளைஞ்சது. மெல்லிசுக் கம்பியத் தோள்ல வெச்சுத்தான் இந்தக் காய்ப்பு. அதான் தடிசா ஒண்ணு வாங்கிச் சாக்குச் சுத்தீட்டனுங்க.”

பெரியவர் சாக்கைத் தடவிப் பார்த்தார்.

“மாட்டுக் கழுத்துல நொகத்தடி வெக்கறவனே இத்தன ரோசன பண்றதில்லீங்க. எம்புள்ள நோகாம இருப்பா.”

வீட்டுக்குள் வந்தவர் கை கழுவி உட்கார்ந்து, கச்சாயத்தை எடுத்துக் கடித்தார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. தட்டே காலி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்த்தேன், அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாவம், அவளுக்கும் ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.