மெத்தென்று ஓடிய கார்

கையில் காசு குறைவாக இருப்பவன் காரை முடுக்கிவிட ஆசைப்பட்டால் அவனுக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் கார் நிற்க வேண்டும், பிறகு வளைய வேண்டும், கடைசியாகத்தான் பறக்க வேண்டும். அதாவது பிரேக்கும் டயரும் முதலில், ஸ்பிரிங்கும் அதிர்வை அடக்கும் அப்சோர்பரும் அடுத்து, இஞ்சினில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் பின்னால். எண்பதுகளில் கிள்ளானில் இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அவர்கள் எல்லாம் முதல் சம்பளத்திலேயே சத்தம் போடும் புகைக்குழாயை மாட்டிக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்தவன் காரின் பின்னால் போய் முட்டியவர்கள். நான் விரலுக்கேற்ற வீக்கம் என்று இருந்தேன்.

என்னுடையது நான்கு கதவு ஜப்பான் கார். இரட்டைக் கார்புரேட்டர், கருஞ்சிவப்பு நிறம், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்கு வேலை. வருடக் கடைசியில் போனஸ் வரும். போனஸ் வந்தால் காருக்கு ஒரு சாமான். ஒரு வருடம் அகலமான ரிம்மும் பட்டையான டயரும் வாங்கினேன். அடுத்த வருடம் இறுக்கமான ஸ்போர்ட் ஸ்பிரிங், அதற்கேற்ற அப்சோர்பர். கார் இரண்டு விரற்கடை கீழே இறங்கி, ரோட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. அதற்கும் அடுத்த வருடம் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட் சீட் இரண்டு. அதற்கு மேல் மிச்சம் பிடித்து, இஞ்சின் புகையை வேகமாக வெளியே தள்ளும் எக்ஸ்டிராக்டர் குழாய் ஒன்றும் நல்லதாகப் போட்டேன்.

என் மனைவி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். நாள் முழுக்க ஊராரிடம் மரியாதையாகப் பேசிவிட்டு, மிச்சமிருக்கும் வாயை வீட்டில் என்னிடம் காட்டுவாள். 

"அடுப்பு மூணு காலுல நிக்குது. இவருக்கு காடி நாலு காலும் சமமா நிக்கணுமாம்" என்பாள். காரை எங்கள் பேச்சில் காடி என்போம்.

ஸ்பிரிங் மாட்டிய அன்று அவளைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு போனேன். சிம்பாங் லீமா சந்திப்பு வரை பேசாமல் வந்தவள், "ரோட்டுல பத்து காசு கெடந்தா, அது தலையா பூவான்னு உக்காந்த எடத்துலேருந்தே சொல்லிடலாம் லா" என்றாள். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஓடும் வீட்டில் தூங்கி எழுந்தவளுக்கு இந்தக் குலுக்கல் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று பெருமையும் பேசினாள். வளைவில் கார் சாயாமல் திரும்பும்போது என் தோளைத் தட்டுவாள். அந்தத் தட்டலுக்காகவே சில வளைவுகளைத் தேடிப் போயிருக்கிறேன்.

பிறகு அவளுக்கு மார்பில் வந்தது. அறுத்து எடுத்தார்கள். ஆறிவிட்டது என்று நம்பி, மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டும் வந்தோம். ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் இடுப்பு வலிக்கிறது என்றாள், தொடை வலிக்கிறது என்றாள். எலும்புக்கு வந்துவிட்டது என்று சொல்லி, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்க ஏற்பாடு செய்தார்கள். ரேடியேஷனை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். சனி, ஞாயிறு தவிர தினமும் கிள்ளானிலிருந்து போய்வர வேண்டும்.

முதல் நாள் அவளை அந்த ஸ்போர்ட் சீட்டில் உட்கார வைத்து எங்கள் தாமான் குடியிருப்பின் சந்து முனையைக்கூடத் தாண்டவில்லை, ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. "சேசுவே" என்றாள். சத்தமாக அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு. துறைமுகத்து லோரிகள் தின்றுபோட்ட ரோடு அது. பள்ளத்துக்குப் பள்ளம் "சேசுவே." பத்து தீகா என்ற ஊரின் டோல் சாவடிக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கச் சொல்லி ரோட்டின் குறுக்கே வரிவரியாக மேடு போட்டிருப்பார்கள். அதில் ஏறியபோது அவளால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஸ்பிரிங் ஒவ்வொரு கல்லையும் எடுத்துக்கொண்டு போய் அவள் எலும்பில் கொடுத்தது. 

டாக்சி பிடி என்றார்கள். பிடித்தேன், பழைய டீசல் கார், புகை நாற்றத்தில் வாந்தி எடுத்தாள். இந்தக் காரை விற்றுவிட்டு ஒரு சாதுவான காராக வாங்கு என்றார்கள். தவணை முடியாத காரை, அதுவும் கண்டபடி மாற்றிய காரை, யார் வந்து விலை கேட்பார்கள்? புத்தி சொல்கிறவனுக்குக் கடனும் இல்லை, வலியும் இல்லை. நான் வேறு முடிவுக்கு வந்தேன். மாட்டியவன் நான்தானே, நானே கழற்றுகிறேன். 

இப்போது வரிசை வேறு. எது அவளை அதிகம் படுத்துகிறது, அதில் எது மலிவாக முடியும்? சீட்டுதான் முதல். கிள்ளானில் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் சாமான்களை விற்கும் கொட்டகைகள் இருந்தன. அதில் நான் வழக்கமாகப் போகும் கடை ஒரு தமிழருடையது. என்னைவிட மூத்தவர், ஆனாலும் வருகிற எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். பணக்காரர்கள் பின்னால் சாய்ந்து போகும் பெரிய கார் ஒன்றின் முன் சீட்டுகள் இரண்டையும் காட்டினார். வெல்வெட்டுத் துணி, உட்கார்ந்தால் ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது. என் இரண்டு ஸ்போர்ட் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவற்றைக் கொடுத்தார். 

மறுநாள் "உக்கார நல்லா இருக்குங்க" என்றாள். ஆனால் பள்ளத்தில் "சேசுவே" வந்தது. நான் கேட்காதது போல ஓட்டினேன். அதுதான் எனக்கு மீட்டர். எந்த இடத்தில் சொல்கிறாள், எந்த இடத்தில் சொல்லவில்லை என்று காது அங்கேயே இருந்தது. 

அடுத்தது டயர். பட்டையான டயரையும் ரிம்மையும் விற்று, தடித்த பழைய மாதிரி டயருக்கு மாறினேன். தினமும் காலையில் கொஞ்சம் காற்றையும் இறக்கிவிட்டு, மாலையில் மறுபடி ஏற்றிக்கொள்வேன். சின்னக் கற்களில் சேசுவைக் கூப்பிடுவது நின்றது. பெரிய பள்ளங்களில் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஸ்பிரிங்கும் அப்சோர்பரும். அதுதான் விலை. எக்ஸ்டிராக்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கொட்டகைக்குப் போனேன்.

"என்ன பாஸ், எல்லாரும் காடிய எறக்கத்தான் வருவாங்க. நீங்க ஏத்த வர்றீங்க" என்றார். "வூட்டுல சத்தமா?"

"வூட்டுல ஒடம்புக்கு முடியல அண்ணே. குலுங்குனா வலிக்குது."

அவர் கொட்டகையின் பின்பக்கம் போய், டாக்சிக்குப் போடும் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக மிதித்து மிதித்துப் பார்த்து, அதில் இருப்பதிலேயே நொய்ந்ததாக நான்கை, அதற்கேற்ற எண்ணெய் அப்சோர்பரோடு எடுத்து வந்தார். 

"இதப் போட்டா வளைவுல படகு மாதிரி சாயும் பாஸ். வேகமா போவாதீங்க."

"போவமாட்டேன்" என்றேன்.

சனிக்கிழமை பகல் முழுக்க வீட்டு வாசலிலேயே படுத்து, கார் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு போர்மேன் ஒருவரின் உதவியோடு மாட்டி முடித்தேன். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து, "கழுத தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா ஆக்கிட்டீங்களே காடிய" என்றாள். கேலிதான். அந்த மாதங்களில் அவள் கேலி செய்தால் எனக்கு அன்று சோறு இறங்கும்.

மாட்டியதும் தனியாக ஒரு சுற்றுப் போனேன். மூலைக்கடையில் பிளாஸ்டிக் பையில் தே என்ற பால் தேநீரைக் கட்டி வாங்கி, அதை ரேடியோவின் பொத்தானில் மாட்டிவிட்டு, மோசமான பள்ளங்களாகப் பார்த்து விட்டேன். பை ஆடியது, துள்ளவில்லை. ரோட்டோரம் நிறுத்தி அந்தத் தேயைக் குடித்தேன். அவள் வியாதியையே பாதி தீர்த்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படி ஒரு பைத்தியக்கார சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் வைத்தேன். இரண்டு வாரமாக அவள் நடப்பதில்லை, நான்தான் தூக்குவேன். சந்து முனைப் பள்ளத்தில் இறங்கினோம். சத்தமில்லை. லோரி ரோட்டில் போனோம். சத்தமில்லை. பத்து தீகாவின் மேடுகள் வந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கையைத் தேடவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன். 

என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. 

"நல்லா இருக்குங்க. வலியே இல்ல."

பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்வரை நான் வாயை மூடவில்லை. ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது, எண்ணெய் அப்சோர்பர் ஏன் நல்லது, இனி டயரில் காற்று இறக்க வேண்டியதில்லை என்று என்னென்னவோ பேசினேன். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். நடுவில் ஒருமுறை என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டிக்கு மாற்றும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. வண்டி நகர்ந்த பிறகும் அவள் அதைக் கேட்கவில்லை. பின்னால் வந்த ஓர் அக்காதான் எடுத்துக் கொடுத்தார். 

உள்ளே டாக்டர் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. நான் முந்திக்கொண்டு, இன்றைக்கு வலியே இல்லை டாக்டர், காரில் ஸ்பிரிங் மாற்றிவிட்டேன் என்றேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். போர்வையை விலக்கி, ஒரு குண்டூசியால் பாதத்தில் தொட்டார்.

"தெரியுதா?"

"இல்ல டாக்டர்."

முழங்காலில் தொட்டார். தொடையில் தொட்டார். இடுப்புக்கு மேலே வந்தபோதுதான் அவள் "ஆ" என்றாள். 

"எப்பலேருந்து இப்படி?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து" என்றாள் என் மனைவி. 

முதுகெலும்புக்குள் வளர்ந்து நரம்பை அழுத்திவிட்டது, உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும், கால் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். கையில் அந்தச் செருப்பு இருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பவில்லை. அந்த மெத்தென்ற காரில் அவள் போனது அந்த ஒரு வழிப் பயணம்தான்.

அன்று பிற்பகல் வார்டில் அவள் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.  

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நேத்தே சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க ராத்திரி சாப்புடுறப்பகூட அந்த ஸ்பிரிங்கப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க. எத்தன மாசம் கழிச்சு அப்படிப் பேசுறீங்க" என்றாள். பிறகு, "சொல்லியிருந்தா அதையும் கழட்டிப் போட்டுட்டு வேற ஒண்ணத் தேடிப் போயிருப்பீங்க" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. 

மருந்து கொடுத்திருந்தார்கள், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் குனிந்து, போர்வைக்கு மேலே அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். சத்தம் வராமல் அழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டில் ஆடும் அளவுக்கு உடம்பு குலுங்கியது. என் முழுப் பாரமும் அவள் தொடையில்தான் இருந்தது. 

கொஞ்ச நேரம் கழித்து, மூடிய கண்ணோடு, கட்டிலின் பக்கவாட்டில் நாற்காலி இருந்த பக்கம் கையை நீட்டித் துழாவினாள்.

"எங்கங்க போயிட்டீங்க?"

"இங்கதான் இருக்கேன்" என்றேன்.