விளக்குக்கு வைத்த நாலு வோல்ட் பேட்டரி

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பத்தாவதோடு நின்றவன். இதுவரை நான் எழுதியதெல்லாம் ரசீதில் ‘பாக்ஸ் ரெண்டு, மைக் ஒன்று, சீரியல் செட் பத்து’ என்பதுதான். திண்டுக்கல்லில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் கடையில் ரொம்ப வருஷமாக வேலை. கல்யாணம், காதுகுத்து, துக்கம் எல்லாவற்றிலும் ஓர் ஓரமாக இருப்பேன். மைக்கில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வராதவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும்.

போன ஐப்பசியில் என் மனைவி இறந்துபோனாள். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவளைக் கிடத்தியிருந்த இடத்தில், முன் அறையில், ஒரு விளக்கு ஏற்றி, பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அந்த விளக்கு அணையக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். என் மனைவியின் அம்மா, என் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கையும்கூட. நத்தம் பக்கம் ஊர். என் கல்யாணம் வரைக்கும் என்னை ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவார். தாலி கட்டிய அன்றிலிருந்து ‘மாப்ள, வாங்க, போங்க’ ஆகிவிட்டது.

அத்தை விளக்குக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எண்ணெய் குறைந்தால் ஊற்றினார். திரி கருகினால் தூண்டினார். படுக்கவே இல்லை. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒன்றைச் சொன்னார்.

“ஆஸ்பத்திரில கட்டிலுக்குக் கீழதான் படுத்துக் கெடந்தேன். செத்த நேரம் கண்ணசந்தேன். அதுக்குள்ள போயிட்டா.”

அவருக்குச் சர்க்கரை உண்டு. கால் இரண்டும் வீங்கிவிட்டன. எங்கள் தெருவில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண் வந்து பிரஷர் பார்த்தது. என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னது.

“இப்படியே முழிச்சிருந்தாங்கன்னா இவங்களையும் தூக்கிட்டு ஓடணும்ணே. எப்படியாச்சும் தூங்க வைங்க.”

நான் போய், “நான் பாத்துக்கிறேன் அத்தை, நீங்க படுங்க” என்றேன்.

“மாப்ளைக்கு ஆம்ப்ளிஃபயர் பொட்டி மேல சாஞ்சாலே தூக்கம் வந்துரும். மக சொல்லியிருக்கா.”

உண்மைதான். திருவிழாவில் காதுக்குப் பக்கத்தில் பாட்டு ஓடும்போதும் நான் தூங்குவேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லோரும் அழுதார்கள், நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள், சாப்பிட்டேன். என்ன குழம்பு, என்ன வெஞ்சனம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. யாராவது கையைப் பிடித்துக்கொண்டால், எப்போது விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை ஏதாவது இருந்தால் பின்கட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான் நினைப்பாக இருந்தது. அப்படித்தான் இந்த யோசனை வந்தது. விளக்கு அணைந்தால் கத்துகிற மாதிரி ஒன்று செய்துவிட்டால், அத்தை படுப்பார்.

செய்வது பெரிய காரியமில்லை. வெளிச்சம் படுகிறதா இல்லையா என்று அறிகிற சின்ன வில்லை ஒன்று உண்டு. எல்.டி.ஆர். என்று கேட்டால் கடையில் தருவார்கள். அதைத் தீபத்துக்கு நேரே வைத்து, தீபம் போனால் ஒரு பஸ்ஸர் கத்தும்படி இணைக்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சம் உள்ளே போகாமல் இருக்க, வில்லையைச் சுற்றிக் கறுப்பு டியூப் ஒன்றை மாட்டினேன். மொபைல் சார்ஜரில் சொருகினேன். கையால் மறைத்தால் கத்தியது, எடுத்தால் நின்றது.

மச்சினன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். பனியன் கம்பெனியில் வேலை. பார்த்துவிட்டுச் சொன்னான்.

“நல்லாத்தான் இருக்கு மச்சான். கரண்ட் போச்சுன்னா?”

அது சரியான கேள்வி. மழைக் காலம். கரண்ட் போனால் என் சாமானும் போய்விடும், சத்தமே வராது. அவன் தன் பையிலிருந்து செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க்கை எடுத்தான்.

“இத வைங்க. இருபதாயிரம் எம்.ஏ.எச். ஒரு வாரத்துக்கு இது தாங்கும்.”

அப்படியே வைத்தோம். அத்தையும் ஒரு தடவை கையால் மறைத்துப் பார்த்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, முந்தானையை விரித்து அங்கேயே படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அத்தை எழுந்து பார்க்கும்போது விளக்கு அணைந்திருக்கிறது. பஸ்ஸர் கத்தவே இல்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே ஏற்றிவிட்டு, பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் வந்து நின்றதும் விளக்கைப் பார்த்தபடியே சொன்னார்.

“மறுபடியும் தூங்கிட்டேன் மாப்ள.”

அதன் பிறகு அவரிடம் படுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மச்சினன் பவர் பேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டனை அமுக்கினால் அதிலிருந்த நாலு சின்ன விளக்கும் எரிந்தன. சார்ஜ் முழுசாக இருக்கிறது. எனக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குத் தெரிந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவர், என் மொட்டைத் தலையைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இதெல்லாம் போனுக்குச் செஞ்சது அப்பு. போன் அம்புட்டு கரண்ட் இழுக்கும். ஒன் சாமான் கொசு குடிக்கிற மாதிரி குடிக்கிது. இவ்ளோ கம்மியா இழுத்தா, யாருமே மாட்டலன்னு நெனச்சுக்கிட்டு அதுவா ஆஃப் ஆயிரும்.”

“பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சோம்.”

“எல்லாவனும் அப்படித்தான் நெனைக்கிறான். வீட்டுல பழைய எமர்ஜென்சி லைட் கெடக்கா? அதுல உள்ள நாலு வோல்ட் பேட்டரிய எடுத்துப் போடு. அது வாய மூடிக்கிட்டுக் கொடுக்கும்.”

ஒரு டையோடு கொடுத்தார். காசு வாங்கவில்லை.

எமர்ஜென்சி லைட் அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கரண்ட் போனால் என் மனைவி அதை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோசை ஊற்றுவாள். கைப்பிடியில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. நான்கு ஸ்குருவைக் கழற்றிப் பேட்டரியை எடுத்தேன். பழசுதான். தனியாக விட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சார்ஜரோடு சேர்ந்தே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். சார்ஜரிலிருந்து டையோடு வழியாகப் பேட்டரிக்கு ஒரு வயர், பேட்டரியிலிருந்து சாமானுக்கு ஒரு வயர். கரண்ட் இருக்கும்போது பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும். போய்விட்டால் பேட்டரியே பார்த்துக்கொள்ளும். டையோடு ஒரு பக்கம்தான் விடும் என்பதால், பேட்டரியில் இருப்பது சார்ஜருக்குத் திரும்பிப் போகாது. அவ்வளவுதான் வேலை. ஈயம் வைத்து ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மீதி நேரத்தில் அதுவும் இல்லை, எதுவும் இல்லை.

அத்தையிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“பொய் சொல்ற சாமான் எனக்கு வேணாம் மாப்ள.”

நான் போய் மெயினை அணைத்தேன். வீடு முழுக்க ஃபேன் நின்றது. உள்ளே யாரோ “கரண்ட் போச்சா?” என்றார்கள். வந்து, தீபத்துக்கும் கறுப்பு டியூப்புக்கும் நடுவில் கையை வைத்தேன். பஸ்ஸர் வீறிட்டது. எங்கள் கடைச் சாமான், சத்தத்துக்குக் குறைவிருக்காது. மச்சினன் காதைப் பொத்திக்கொண்டு, “செத்தவளே எந்திரிச்சுருவா போல” என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து வெளியே போய்விட்டான். அத்தைக்கு மட்டும் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கும் அவர் படுக்கவில்லை. ஆனால் அவ்வப்போது அந்தச் சாமானைப் பார்த்தார்.

காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மழை பிடித்தது. இடி இடித்ததும் கரண்ட் போய்விட்டது. நான் பின்கட்டில் மறுநாளைக்கு வந்திருந்த வாழை இலைக் கட்டுகளை நனையாமல் நகர்த்திக்கொண்டிருந்தேன். மச்சினன் ஐயரைப் பார்க்கப் போயிருந்தான். முன் அறையில் பஸ்ஸர் கத்தியது.

ஓடி வந்தேன். வாசல் கதவு காற்றில் திறந்துகொண்டு சாரல் உள்ளே வரை வந்திருந்தது. தீபம் இல்லை. அத்தை சுவரோரம் சரிந்து, ஒரு கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு சத்தத்திலும் அவர் அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. குனிந்து மூக்குக்கு முன்னால் விரலை வைத்தேன். மூச்சு சூடாக வந்தது.

கதவைச் சாத்தினேன். நனைந்த திரியை எடுத்துவிட்டு வேறு திரி போட்டேன். தீப்பெட்டி நமுத்திருந்தது, மூன்றாவது குச்சிதான் பிடித்தது. தீபம் நின்றதும் பஸ்ஸர் நின்றது. அதற்குப் பிறகு மழைச் சத்தமும் அத்தையின் குறட்டையும்தான். நான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். எழுப்பவில்லை.

மழை விட்டு, தெருவில் ஆள் நடமாட்டம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்தார். முதலில் விளக்கைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த ஈரத்திரியையும் தீக்குச்சிகளையும் பார்த்தார்.

“கத்துச்சா?”

“கத்துச்சு அத்தை. ஓடியாந்து ஏத்திட்டேன்.”

“எனக்குக் கேக்கலையே.”

“எனக்குக் கேட்டுச்சு.”

அத்தை காலை நீட்டி, வீக்கத்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“ஏலே, நீ சாப்டியா?”

“இல்ல.”

“போயிச் சாப்புடு. நான் இன்னும் செத்த நேரம் படுக்குறேன்.”

திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காரியம் நடந்தது. விளக்கைக் குளிரவைத்தார்கள். சாயங்காலம் மச்சினன் அத்தையை நத்தம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். நான் பேட்டரியைக் கழற்றி எமர்ஜென்சி லைட்டில் திரும்பவும் மாட்டி, நான்கு ஸ்குருவையும் முடுக்கி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.