பழைய கம்ப்யூட்டரின் புரோகிராம்

இன்று எங்கள் சர்க்கரை ஆலையில், யார் கரும்பை எப்போது வெட்டலாம் என்ற பட்டியல் வரவில்லை.

பட்டியல் போடும் புரோகிராமைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு நான்தான் மாற்றினேன். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் ஓட்டினால் திரை அப்படியே நின்றுவிடுகிறது.

நெட்டப்பாக்கத்து விவசாயி ஒருவர் காலையிலிருந்து காத்திருந்தார். “அதே பைலுதானே, இன்னா ஆச்சிபா?”

“உள்ள இருக்கிற உத்தரவெல்லாம் பழைய மெஷினுக்குப் புரியிற மாதிரி எழுதினதுண்ணே. இதுக்கு ஒண்ணும் புரியல.”

“அப்ப பழசுலயே போடேன்.”

ஆயுதபூஜையன்று புதியதற்குப் பொட்டு வைத்த கையோடு, பழையதைக் காயலான் கடை வண்டியில் ஏற்றியவனும் நானே.

“கரும்பு பூத்துப்போச்சிபா. இன்னும் விட்டா சக்கைதான். அதுக்குப் புது மெஷினு, பழைய மெஷினு தெரியுமா?”

வில்லியனூர்ப் பக்கம் காயலான் கடையில் திரையில் பச்சை எழுத்து வரும் எங்கள் பழைய கம்ப்யூட்டரை யாராவது பார்த்தால், முதலில் கடைக்காரரிடம் சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.